பழைய மெஷின்ல இப்படி இல்ல

"என்ன மாமா, பாட்டு பழைய மாதிரி இல்லையா?"

மாமனார் அம்புக்குறி பட்டன்களிலிருந்து கையை எடுத்தார். திரையைப் பார்த்தார். அதன் இரண்டு பக்கமும் நின்ற ஸ்பீக்கர்களைப் பார்த்தார். கடைசியாக, தன் நாற்காலியை ஒட்டி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவரிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் என்று ஒன்றைச் சொன்னதே இல்லை. இதுதான் முதல்.

"கவலைப்படாதீங்க மாமா. பழையபடி ஆக்காம விடமாட்டேன்."

மாப்பிள்ளைக்குத் தொழிலே காதுதான். கடைத்தெருவில் ஒரு மாடியறையில் காது கேட்கும் கருவி பொருத்திக் கொடுக்கிறார். 'டாக்டர் இல்லை' என்று அவரே வாய்வலிக்கச் சொன்னாலும் ஊர் அவரைக் காது டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது. அந்த வேலையில் பாதி, கேள்வி கேட்பது. தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறதா, குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதா, தட்டு கழுவினால் காது கூசுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, துளித்துளியாகத் திருத்தி, கருவி போட்டவர் "ஆங், இப்ப சரி" என்று சொல்லும் வரை விடமாட்டார். அந்த "இப்ப சரி"யைக் கேட்டால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும். மாமனாரின் இரண்டு காதுக்கும் கருவி பொருத்தியவர் அவரேதான். அதனால் கேட்பவர் காதில் கோளாறு இல்லை, கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வாழ்நாளில் பெரும்பகுதியை உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாகக் கழித்தவர். அங்கே பேச்சுக்கு வேலையில்லை. கீழே நிற்கும் ஆள் கையால் சைகை காட்டுவார், மேலே இருப்பவர் செய்வார், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு விரலைத் தூக்கிச் சுழற்றினால் 'இன்னும் கொஞ்சம்' என்று பொருள். கையை மூடினால் 'போதும்'. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால் இன்றைய வேலை எல்லாம் முடிந்தது, அவர் படுக்கப் போகிறார் என்று பொருள்.

அவருடைய ஒரே பொழுதுபோக்கு ஒரு பழங்காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு. கப்பல் சாய்ந்துவிடாமல் கிரேனால் பெட்டிகளை ஏற்ற வேண்டும். வேலையில் இருந்தவரைக்கும் பெட்டி ஏற்றிய மனுஷன், ரிட்டயராகி வீட்டுக்கு வந்தும் பெட்டி ஏற்றுகிறாரே என்று மாமியாருக்குத் தீராத ஆற்றாமை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு வாங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் கட்டிக்கொண்டுதான் இருவரும் சில மாதங்களுக்கு முன் மகள் வீட்டுக்கு வந்தார்கள். தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவார். வெளியே ஒரு சத்தம் வராது. மாப்பிள்ளை வீட்டில் கூச்சப்பட்டு மெல்ல வைத்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று மாப்பிள்ளையும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

இதற்கிடையில் மாமியார், காலில் கட்டுப் போட்டிருந்த மருமகளுக்கு உதவியாக மகன் வீட்டுக்குப் போனார். அங்கேதான் சிக்கல் ஆரம்பமானது.

"அம்மா மாசக் கடைசியில வர்றாங்க," என்றாள் மனைவி, நர்ஸ் உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டே. "வந்து அப்பாவையும் கூட்டிட்டு அண்ணன் வீட்டுக்கே மொத்தமா போயிடலாம்னு பேச்சு நடக்குது. அங்க தனி ரூமாம். சுவர் முழுக்க டிவியாம்."

"மாமா என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு. அப்பா பாக்கலாம்னா பாதி மூட்டை கட்டியாச்சுன்னு அர்த்தம். எனக்கு சாயங்கால ஷிஃப்ட். வீட்டுல நீங்க ரெண்டு பேர்தான். அவரோட ரெண்டு வார்த்தை பேசினாத்தான் என்ன?"

"என்னத்தப் பேசுறது? வெயில் ஜாஸ்தின்னேன். ஆமான்னாரு. நேத்து இதைவிட ஜாஸ்தின்னேன். அதுக்கும் ஆமான்னாரு. அதுக்கு மேல வெயிலைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

மனைவி சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எனக்கு அப்பா இங்கதாங்க இருக்கணும். அண்ணன் நல்லாத்தான் பாத்துப்பான். ஆனா எனக்கு அவர் இங்க இருக்கணும்."

அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை. மாப்பிள்ளைக்கு மனசு என்னவோ செய்தது. ஏதாவது செய்து மாமனார் மனசில் இடம் பிடித்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, மாமனார் குளிக்கப் போன நேரம் பார்த்து, பின்னால் இருந்த வயர்களைப் பார்க்காமலே அவசரமாகப் பிடுங்கி, பழைய கம்ப்யூட்டரின் பெட்டியை மட்டும் பால்கனிக்குத் தூக்கி வந்தார். உள்ளே சேர்ந்திருந்த தூசியைப் பார்த்தால் அதிலேயே செடி வளர்க்கலாம் போலிருந்தது. கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த காற்றடிக்கும் மெஷினால் ஊதித் தள்ளினார். வேலை செய்கிறதா என்று அங்கேயே சொருகியும் பார்த்தார். 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அப்புறம் நிறைய அமைதி.

தலையைத் துவட்டியபடி வந்த மாமனார் புகையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மாப்பிள்ளைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெட்டி பழைய சாமான்காரரிடம் போனது. மாப்பிள்ளை அவசர அவசரமாகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார், அதில் பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டார், அதற்குள் அந்த விளையாட்டை ஏற்றினார். கிரேன் வந்தது. கப்பல் வந்தது. கூடவே ஸ்பீக்கரிலிருந்து, யாரோ காலிங் பெல்லை விடாமல் அமுக்குவதைப் போல ஒரு பாட்டும் வந்தது. மாமனார் திடுக்கிட்டு நாற்காலியில் ஒரு அங்குலம் எழும்பிவிட்டார்.

அப்போதுதான் மாப்பிள்ளை, 'பாட்டு பழைய மாதிரி இல்லையா' என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளினிக்கில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதை விளக்கினார்.

"விஷயம் என்னன்னா மாமா, விளையாட்டுக்குள்ள பாட்டே கிடையாது."

மாமனார் புருவத்தைத் தூக்கினார்.

"எந்த வாத்தியம் எப்ப எதை வாசிக்கணும்ங்கிற குறிப்பு மட்டும்தான் இருக்கு. மிடின்னு பேரு. வாசிக்கிற ஆளுங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்காங்க. நம்மகிட்ட இருக்கிறவங்க சுமாரான ஆளுங்க. நல்ல ஆளுங்களா டவுன்லோடு பண்ணிட்டா, அதே குறிப்பை அவங்க பிரமாதமா வாசிப்பாங்க."

"நேரமாகுமா?"

"கொஞ்சம் ஆகும் மாமா."

மாமனார் விரலைத் தூக்கிச் சுழற்றினார்.

டவுன்லோடு நத்தை வேகத்தில் நகர்ந்தது. மாப்பிள்ளை அந்தப் பச்சைக் கோட்டையே முறைத்துக்கொண்டிருந்தார். மாமனார் எழுந்துபோய் இரண்டு கப் டீ போட்டுக்கொண்டு வந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, மாப்பிள்ளை இதுவரை பார்த்திராத விதமாக, பேச ஆரம்பித்தார்.

"ஒரு தடவை லாரி ஒண்ணை அந்தரத்துல தூக்கி வெச்சிருக்கேன். மதியச் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதிட்டான். கீழ இருந்தவன் பாட்டுக்குச் சாப்பிடப் போயிட்டான். நான் என்ன பண்றது?"

"என்ன பண்ணீங்க?" என்றார் மாப்பிள்ளை, கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவன் சாப்பிட்டு, வெத்தலை போட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுட்டு வர்ற வரைக்கும் மேலயே உக்காந்திருந்தேன். சுமை தொங்குறப்போ கிரேன்காரன் இறங்கக் கூடாது. அதான் சட்டம்."

"ஓஹோ," என்றார் மாப்பிள்ளை. காது டாக்டரின் காது அப்போது ஸ்பீக்கர் பக்கம் இருந்தது. "வந்துடுச்சு மாமா!"

புதிய வாத்தியக்காரர்கள் உண்மையிலேயே பெரிய ஆட்கள்தான். வயலின் வயலினாகவே கேட்டது. ஆனால் அத்தனை பேரையும் சுமந்த கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. பெட்டி வழுக்கிக் கடலில் விழுந்து, கப்பல் சாய்ந்து, 'ஆட்டம் முடிந்தது' என்று எழுத்தும் வந்த பிறகுதான், பெட்டியைத் தூக்கும்போது வரவேண்டிய உற்சாகமான இசை ஆடி அசைந்து வந்து சேர்ந்தது.

"எப்படி இருக்கு மாமா? தகரம் மாதிரி இருக்கா? குடத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கா?"

மாமனார் யோசித்தார். "பழைய மெஷின்ல பாட்டு இப்படிப் பின்னாடி ஓடி வந்ததில்ல."

"அப்படிச் சொல்லுங்க! தாமதம்! நாளைக்கு ஒரு கை பாத்துடறேன்."

நாளைக்குப் பார்த்தார். பழைய விளையாட்டுகளுக்கென்று இணையத்தில் ஒரு கூட்டம் இருந்தது. அதில் 'பிட்டுக்குப் பிட்டு' என்ற புனைபெயரில் உலவிய ஒரு மகானுபாவர், மாப்பிள்ளை கேட்டது ஒன்றுக்கு ஒன்பது பக்கம் பதில் எழுதினார். அந்த விளையாட்டின் இசை இன்னும் பழைய ஒரு இசைப் பெட்டிக்காக எழுதப்பட்டதாம். விளையாட்டோடு வரும் செட்டப்பில் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தால்தான் அசல் இசை கிடைக்குமாம். மாப்பிள்ளை முதல் பக்கத்தைப் படித்ததுமே உற்சாகம் தாங்காமல் செட்டப்பை மாற்றினார். பழைய பெட்டியில் வாத்தியங்களின் வரிசை வேறு, அதையும் மாற்றாவிட்டால் குறிப்பு ஒருவருக்குப் போய் வாசிப்பவர் வேறொருவராக இருப்பார் என்று எழுதியிருந்தது ஏழாம் பக்கத்தில்.

மாமனார் திரையில் கிரேனால் பெட்டியைத் தூக்கினார். டெலிபோன் அடித்தது.

"மாமா, உங்க போனா?"

"என்னுது இல்ல. உங்களுதா?"

இருவரும் தலையணைக்கு அடியிலும் சோபா இடுக்கிலும் தேடினார்கள். பெட்டியை இறக்கியதும் மணி நின்றது. மறுபடி தூக்கியதும் அடித்தது. கிரேன் வலது பக்கம் திரும்பியபோது ஹெலிகாப்டர் ஒன்று பறந்தது. அதற்குள் கீழ்வீட்டு டீச்சர் படியேறி வந்துவிட்டார்.

"போன் அடிச்சிட்டே இருக்கே, எடுக்க மாட்டீங்களா? என் போன்னு நினைச்சு ஈரக்கையோட ரெண்டு தடவை ஓடி வந்துட்டேன்."

"அது போன் இல்லைங்க, புல்லாங்குழல்," என்றார் மாப்பிள்ளை.

டீச்சர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் தடுமாறி மாமனார் பெட்டியைக் கடலில் போட்டார். கப்பல் கவிழ்ந்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெரிய அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மாமனார் சிரித்தார். சும்மா இல்லை, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து மாப்பிள்ளை பார்த்ததே இல்லை. டீச்சருக்கும் தொற்றிக்கொண்டது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் பேனாவும் கையுமாக நின்றார்.

"பழைய மெஷின்ல எப்படி இருந்துச்சு மாமா?"

"போன் அடிச்சதில்ல," என்றார் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாரும் கை தட்டினதும் இல்ல."

இந்த ஆராய்ச்சி கிளினிக்கையும் விட்டுவைக்கவில்லை. ஒரு அம்மாளுக்குக் கருவியைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டு, "டிரம்ஸ் சரியா கேக்குதாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தார். அந்த அம்மாள் வாராவாரம் வருகிறவர். கருவி 'கொய்ங்' என்கிறது என்று புகார் சொல்லி, அரைமணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, துடைத்துக் கொடுத்ததும் "இப்ப சரி" என்று வாங்கிப் போவார்.

"அந்தக் கருவியில ஒரு கோளாறும் இல்லியே சார், எதுக்கு ஒவ்வொரு வாரமும் கழட்டிப் பாக்குறீங்க?" என்றாள் ரிசப்ஷன் பெண், அந்த அம்மாள் போன பிறகு.

"கோளாறு இல்லைன்னு எனக்குத் தெரியாதாம்மா? வீட்டுல பேச ஆளில்ல, இங்க வர்றாங்க. கருவியைப் பாக்கத் தெரிஞ்சா போதாது, ஆளைப் பாக்கத் தெரியணும்," என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு வாத்திய வரிசை பற்றிய எட்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

மாதக் கடைசி நெருங்கியது. மாமியார் போனில் தேதி சொன்னார். மாமனார் அலமாரிக்கு மேலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்ததை மாப்பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்தார்.

உதவிக்கு வந்தார் கீபோர்டு அண்ணன். கச்சேரிகளில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தே காதைப் பாழாக்கிக்கொண்ட வாடிக்கையாளர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ரத்தம் சூடாகிவிட்டது.

"சாஃப்ட்வேர் எல்லாம் சும்மா சார். எங்கிட்ட அசல் மிடி பெட்டி ஒண்ணு இருக்கு. உள்ள நிஜமான சிப்பு. ஆம்ப்ளிஃபயரும் தர்றேன். இதுல வரலைன்னா சங்கீதம்ங்கிறதே பொய்."

மிடி பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் மாமனார் அறையில் வைத்தபோது கட்டிலுக்கு ஒரு முழ இடம்தான் மிச்சம் இருந்தது. கேபிளில் 'இன்' என்று எழுதியதை 'இன்'னில் சொருகினார் மாப்பிள்ளை. ஒரு சத்தமும் இல்லை. 'இன்'னை 'அவுட்'டில் சொருக வேண்டும் என்று புரிவதற்குள் மாமனார் டீ போட்டு, அதைக் குடித்தும் முடித்து, புயலில் கிரேன் கூண்டு ஆடிய கதையில் பாதியைச் சொல்லியிருந்தார்.

"ஒரு நிமிஷம் மாமா," என்று சொல்லிவிட்டுச் சொருகினார்.

இசை வந்தது. அடேயப்பா, என்ன இசை! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாப்பிள்ளை பதறிப்போய் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினார். கை இடித்துக் கேபிள் கழன்றது. குழலை 'வாசி' என்று சொல்லிய கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்று சொல்வதற்குள் இணைப்புப் போய்விட்டதால், பெட்டி அந்த ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. 'ஊ' என்று ஊதியது. கம்ப்யூட்டரை அணைத்தார். ஊதியது. பெட்டியைத் தட்டினார். ஊதியது. கீழ்வீட்டு டீச்சர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையைக் குத்தினார். மாப்பிள்ளை எந்த வயர் எதனுடையது என்று தெரியாமல் கைக்கு வந்ததைப் பிடுங்கி, பயத்தில் திரும்பவும் ஏதோ ஒன்றில் சொருக, வீடு முழுக்க ஃபியூஸ் போனது.

இருட்டில் டார்ச் வெளிச்சம் ஒன்று வந்தது. மாமனார். இரண்டு காதுக் கருவிகளையும் எப்போதோ கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெகு நிதானமாக நின்றிருந்தார். ஃபியூஸ் போடும் வரை மாப்பிள்ளைக்கு டார்ச் பிடித்தார். ஒரு கையால் ஸ்டூலையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மாமா," என்றார் மாப்பிள்ளை ஸ்டூல் மேலிருந்து. அழுகை வராத குறை. கருவி காதில் இல்லை என்பது ஞாபகம் வந்து கையைக் கூப்பினார்.

மாமனார் டார்ச் வெளிச்சத்தில் விரலைத் தூக்கிச் சுழற்றிக் காட்டினார்.

மாமியார் வருவதற்கு முந்தின சாயங்காலம் எல்லாம் கூடிவந்தது. ஒன்பதாம் பக்கம் வரை படித்தாகிவிட்டது. வரிசை சரி, வேகம் சரி, சத்தம் சரி. மாமனார் பெட்டியைத் தூக்கியதும் குழல் குழைந்து எழுந்தது. கிரேன் திரும்பியதும் அடியில் முரசு மெல்ல உருண்டது. பெட்டி கப்பலில் பொத்தென்று உட்கார்ந்த அதே கணத்தில் தாளம் ஒன்று அழகாக வந்து விழுந்தது. மாப்பிள்ளைக்குக் கையெல்லாம் புல்லரித்தது. இதைவிட நல்ல இசை அந்த விளையாட்டுக்கு இந்த உலகத்தில் கிடையாது.

மாமனார் ஆடுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லா இருக்கு," என்றார்.

மாப்பிள்ளையின் நெஞ்சு துள்ளியது.

"ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை. நான் இப்படிக் கேட்டதே இல்ல." கண்ணைத் திறந்தார். சூட்கேஸ் நின்ற மூலையை ஒரு தரம் பார்த்தார். "ஆனா..."

"ஆனா?"

"பழைய மெஷின்ல இப்படி இல்ல."

மாப்பிள்ளை அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

மறுநாள் மாமியார் வந்து இறங்கியபோது மனைவி லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பாவுடைய சட்டைகளை மடிப்பதும், மடித்ததையே திரும்ப மடிப்பதுமாக இருந்தாள்.

"கிளம்புங்க. பையன் ரூமெல்லாம் வெள்ளையடிச்சு வெச்சிருக்கான்," என்றார் மாமியார் வந்ததும் வராததுமாக.

மாமனார் ஹாலில் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் வரல."

"என்னது?"

"மாப்பிள்ளை ஒரு வேலையைப் பாதியில வெச்சிருக்காரு. சுமை அந்தரத்துல தொங்குது. தொங்குறப்போ நான் எப்படி இறங்குறது?" என்று சொல்லிவிட்டு, பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கையை மூடிக் காட்டினார்.

மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷம்தான், ஆனால் தோற்றுப்போன ஒரு வேலைக்காக மாமனார் தங்குகிறாரே என்று கூசியது. மெதுவாகச் சமையலறைக்கு நழுவினார். மாமியார் பின்னாலேயே வந்தார்.

"அப்படி என்ன வேலை மாப்பிள்ளை அது? இந்த மனுஷன் யாருக்காகவும் எதுக்காகவும் இருக்கிறேன்னு சொன்னதில்லையே."

"அந்தக் கப்பல் விளையாட்டுதான் அத்தை. என்னாலதானே அந்தக் கம்ப்யூட்டர் போச்சு. அதுல வர்ற பாட்டைப் பழையபடி கொண்டுவரலாம்னு தினமும் சாயங்காலம் நானும் மாமாவும் உக்காந்து மல்லுக்கட்டுறோம். அவரும் சலிக்காம கூடவே இருந்து டீ போட்டுத் தர்றாரு, கதை சொல்றாரு, ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பாத்து எது சரியில்லைன்னு சொல்றாரு. நான்தான் தோத்துட்டேன். என்ன பண்ணியும் அந்தப் பழைய மெஷின்ல அவர் கேட்ட மாதிரி வரமாட்டேங்குது."

மாமியார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

ஹாலிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "மாப்பிள்ளை, டீ போடட்டுமா? அந்தக் குழல் இன்னும் கொஞ்சம் சரியில்ல, வந்து பாக்குறீங்களா?"

"இதோ வர்றேன் மாமா!" என்று கிளம்பியவரின் கையை மாமியார் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்தப் பழைய மெஷினுக்கு ஸ்பீக்கரே கிடையாதே மாப்பிள்ளை... வாங்கின அன்னைக்கே, 'தனியா உக்காந்து ஆடுறவனுக்குப் பாட்டு ஒரு கேடா'ன்னு கடைக்காரன்கிட்டயே அதைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தவராச்சே உங்க மாமா!"